டேட்டாபேஸ் டெஸ்ட்களுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். பாம்பனில் ஒரு மீன் ஏலக் கடைக்கு நான் எழுதிய மென்பொருளில் டெஸ்ட் பெயர்கள் எல்லாம் தமிழ்தான். ஓடி முடிந்ததும் வரும் பட்டியலை என்னோடு உட்கார்ந்து படிப்பவர் கடையின் கணக்குப்பிள்ளை. கடல் தொழிலின் விதிகள் அவருக்கு அத்துப்படி, எஸ்கியூஎல் தெரியாது.

நான் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதில் டெஸ்ட் எழுத உதவும் பிஜிடேப். டெஸ்ட்களை ஓட்டும் அதன் ரன்டெஸ்ட்ஸ் வழக்கமாக ஆங்கிலத்தில் ‘டெஸ்ட்’ என்று தொடங்கும் ஃபங்ஷன்களைத் தேடும். ஸ்கீமா (ஃபங்ஷன்களைத் தொகுத்து வைக்கும் பிரிவு) பெயரோடு ‘^சோதனை_’ என்ற பேட்டர்னையும் கொடுத்தால் அப்படித் தொடங்குபவற்றை ஓட்டும். டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் ஓடுபவற்றின் பெயர்கள் மட்டும் செட்டப், டியர்டவுன், ஸ்டார்ட்டப், ஷட்டவுன் என்று ஆங்கிலத்திலேயே தொடங்க வேண்டும், மாற்ற வழியில்லை.

நான் மாட்டிக்கொண்டது பெயரின் நீளத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகக்கூடாது, நாட்டுப்படகான வல்லத்துக்குத் தடையில்லை. அதற்கு இரண்டு டெஸ்ட் எழுதினேன்: ‘சோதனை_தடைக்காலத்தில்_விசைப்படகு’, ‘சோதனை_தடைக்காலத்தில்_வல்லம்’. பட்டியலில் வந்ததோ ஒன்றுதான், அதுவும் ‘சோதனை_தடைக்காலத்தில்_வ’ என்று வெட்டுப்பட்டு! “தம்பி, இதுல விசைப்படகு எங்க?” என்று கணக்குப்பிள்ளைதான் கேட்டார்.

போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு 63 பைட்தான் இடம். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். ‘சை’ என்றால் ச ஒன்று, ஐகாரக் கொம்பு ஒன்று, ஆக 6. இரண்டு பெயரும் ‘வ’வோடு 62 பைட்டில் நின்றுவிட்டன. ‘கிரியேட் ஆர் ரீப்ளேஸ்’ என்று எழுதியிருந்ததால் இரண்டாவது முதலாவதை அழித்துவிட்டது. எர்ரர் வரவில்லை, ஒரு நோட்டீஸ் வந்தது, அதை நான் கவனிக்கவில்லை. விசைப்படகு விதி இரண்டு வாரம் டெஸ்ட்டே இல்லாமல் கிடந்தது.

அப்புறம் பொதுவான சொல்லை ஸ்கீமாவுக்கு மாற்றினேன். ‘தடைக்காலம்’ ஒரு ஸ்கீமா, அதற்குள் ‘சோதனை_விசைப்படகு’, ‘சோதனை_வல்லம்’. 46 பைட், 34 பைட். விளக்கம் நீளமாக வேண்டுமென்றால் அசெர்ஷனின் (டெஸ்ட்டுக்குள் சரிபார்க்கும் வரியின்) கடைசி ஆர்குமென்ட்டில் எழுதுங்கள், அங்கே இந்த வரம்பு கிடையாது.

நீங்கள் எஸ்கியூஎல் சர்வரில் டிஎஸ்கியூஎல்டி என்ற டெஸ்ட் கருவி வைத்திருந்தால் ப்ரொசீஜர் பெயர் ஆங்கில ‘டெஸ்ட்’டில்தான் தொடங்க வேண்டும், மீதி உங்கள் இஷ்டம். ஆரக்கிளுக்கான டெஸ்ட் கருவி யூடிபிஎல்எஸ்கியூஎல் 3 பெயரைப் பார்ப்பதே இல்லை. பேக்கேஜில் கமென்ட்டாக ‘%சூட்’ என்ற குறிப்பும், ப்ரொசீஜருக்கு மேலே கமென்ட்டில் ‘%டெஸ்ட்’ என்ற குறிப்பும் இருந்தால் போதும்.