வெளிநாட்டில் இருக்கும் உறவுகளோடு நீங்கள் கதைக்கும் விதம் எப்படி மாறியிருக்கிறது?

எங்கள் வீட்டில் இந்த மாற்றத்துக்கெல்லாம் காரணம் நேர வித்தியாசம்தான். நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில்; பெரியம்மா குடும்பம் கனடாவில், ரொறன்ரோவில். கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. எனக்குச் சின்ன வயதாக இருக்கும்போது யாராவது கனடா போனால் கசெட்டில் பேசிப் பதிந்து கொடுத்தனுப்புவோம். அப்புறம் காலி வீதி கொமியூனிகேஷன் கடை. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று நிமிடக் கணக்கைப் பார்த்துக்கொண்டே அம்மா கதைப்பார், சுகம் விசாரித்து முடிப்பதற்குள் காசு முடிந்துவிடும்.

ஸ்கைப் வந்தபோது ஞாயிறு காலை ஏழு மணி என்று வைத்துக்கொண்டோம், அங்கே கோடையில் சனி இரவு ஒன்பதரை. எல்லோரும் தலை வாரிக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்காருவோம். பிறகு வைபர், இப்போது வட்ஸ்அப் குடும்பக் குழு.

ஆனால் உண்மையான மாற்றம் வொய்ஸ் மெசேஜ்தான். வட்ஸ்அப்பில் அது 2013இலேயே வந்துவிட்டது, அம்மா பழகியது பல வருடம் கழித்து. அதுவரை குழுவில் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். தமிழ் விசைப்பலகையில் எழுத்தைத் தேடிக் களைத்துவிடுவார், பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழை அவரால் வாசிக்கவும் முடியாது. இப்போது சமைத்துக்கொண்டே நாலு நிமிடம் பேசிப் போடுகிறார், குக்கர் விசிலும் கடற்கரைப் பக்கம் போகிற ரயில் சத்தமும் சேர்ந்தே போகும். பெரியம்மா அந்த ரயிலைக் கேட்கத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன் என்று சொல்லுவார்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. குண்டுகள் வெடித்த அன்றே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் தடை செய்தார்கள், ஒரு வாரத்துக்கும் மேல் அப்படியே இருந்தது. நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று தெரியாமல் பெரியம்மா எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்துக்கொண்டே இருந்தார், லைன் கிடைத்தபோது அம்மாவின் குரலைக் கேட்டு அழுதுவிட்டார். 2022 ஏப்ரல் 3இலும் தடை வந்தது, அன்றைக்கே திறந்துவிட்டார்கள். அதற்குள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருடைய போனிலும் தடையைத் தாண்டிப் போக விபிஎன் போட்டிருந்தார்கள். அந்த லேண்ட்லைனை மட்டும் இன்றுவரை நான் வெட்டவில்லை, வெட்டவும் மாட்டேன்.

சரி, இழந்தது என்ன? சேர்ந்து சிரிப்பது. அம்மா இன்று சொன்ன பகிடிக்குப் பெரியம்மா மறுநாள் காலையில்தான் சிரிப்பார், அந்தச் சிரிப்பை அம்மா தனியாக இருந்து கேட்பார். இடையில் புகுந்து "ஓமடி, அது எனக்கும் தெரியும்" என்று வெட்டிப் பேச வழியில்லை. 2021இல் வேகமாக ஓட்டிக் கேட்கும் வசதி வந்தது, மகன் எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில்தான் கேட்கிறான். பெரியம்மாவின் குரலை மட்டும் அப்படிக் கேட்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவதில்தான் அவருடைய பேச்சே இருக்கிறது.

இன்னொன்று, எழுதியதைத் தேடி எடுக்கலாம், குரலைத் தேட முடியாது. போன வருடம் பெரியம்மா காலமானார். போன் மாற்றியபோது நான் பழையவற்றைச் சேமித்து வைக்கவில்லை, மிஞ்சியதை இப்போது திகதி போட்டு ஒவ்வொன்றாகக் கணினியில் சேமிக்கிறேன். ஒடியல் மாவை எவ்வளவு நேரம் ஊறப்போட்டுப் பிழிவது, கூழுக்குப் புளி எப்போது விடுவது என்று அவர் ஆறேழு நிமிடம் விளக்கிச் சொன்ன ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் மச்சாள் தன் பழைய போனைச் சார்ஜில் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாள்.