வலிப்பை நிறுத்தியது சாவிக்கொத்தா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தம்பிக்குப் போன மாதம் டவுன் பஸ்ஸில் வலிப்பு வந்துவிட்டது. இது இரண்டாவது தடவை. கம்பியைப் பிடித்து நின்றவன் அப்படியே சரிந்தான். யாரோ ஓடிவந்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்று நானே பார்த்தேன். டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். அப்பத்தாவோ அவனுக்கு இரும்புக் காப்பு போட்டுவிட்டு, "இனிமேல் வராது, மாத்திரை சூடு, நிறுத்திவிடு" என்கிறார். கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்று சொல்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் பார்த்தது உண்மைதான் சகோதரி. சாவி கைக்குப் போனது, வலிப்பு நின்றது. ஆனால் சாவி கிடைக்காமல் போயிருந்தாலும் அது நின்றிருக்கும். இப்படி விழுந்து வெட்டுகிற வலிப்பு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். கூட்டத்தில் ஒருவர் "இரும்பு, இரும்பு" என்று கத்தி, இன்னொருவர் பையைத் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுப்பதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். விழுவதற்கு முன்பு உங்கள் தம்பி பிடித்திருந்ததே பஸ் கம்பியைத்தான். இரும்புக்கு வலிப்பைத் தடுக்கும் சக்தி இருந்தால் அவன் விழுந்திருக்கவே கூடாது. ஆஸ்பத்திரியில் இரும்புக் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் வலிப்பு வருகிறது, நாள் முழுக்க இரும்போடு புழங்கும் லேத் பட்டறைத் தொழிலாளிக்கும் வருகிறது. மூளையின் நரம்பு செல்கள் கட்டுமீறி ஒரே நேரத்தில் மின்துடிப்பை அனுப்புவதுதான் வலிப்பு. அந்த வேகம் தணிந்ததும் நின்றுவிடுகிறது. தசைகள் இறுகியிருப்பதால்தான் கை சாவியைக் கெட்டியாகப் பிடிக்கிறது. வலிப்பு அடங்கும்போது பிடி தளர்கிறது. பார்ப்பவருக்குச் சாவி வேலை செய்ததுபோலத் தோன்றிவிடுகிறது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இரவில் கொண்டுவந்த இளைஞரை இன்றும் மறக்க முடியவில்லை. உள்ளங்கையில் சாவியின் பற்கள் அப்படியே பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. நாக்கைக் கடித்துவிடுவாரோ என்று பயந்து யாரோ வாயில் கரண்டியைச் செருகியிருக்கிறார்கள். முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. எல்லோரும் உதவத்தான் ஓடிவந்தார்கள். ஆனால் அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மல்லாந்தே கிடந்ததால் எச்சில் நுரை மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருந்தது. இரும்பைத் தேடுவதில் எனக்கு இருக்கிற பெரிய கவலையே இதுதான். அந்த இரண்டு நிமிடமும் வீணாகிவிடுகிறது.

அதனால் அடுத்த முறை வந்தால் முதலில் கூட்டத்தை விலக்குங்கள். தலைக்கு அடியில் துண்டையோ பையையோ வையுங்கள், சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வெட்டல் நின்றதும், முடிந்தால் அதற்கு முன்பே, ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். நன்றாக நினைவு திரும்பும்வரை சோடா, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். கூட இருப்பவர் செல்போனில் கொஞ்சம் வீடியோ எடுத்து வைத்தால் டாக்டருக்கு மிகவும் உதவும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாக, விடாமல் தொடர்ந்து வரலாம். அது உயிருக்கே ஆபத்து. சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பொதுவாக இரண்டு வருடமாவது வலிப்பு வராமல் இருந்த பிறகுதான் மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டர் யோசிப்பார். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்வார். செலவுதான் கவலை என்றால், அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரைகளை இலவசமாகவே தருகிறார்கள். பரீட்சைக்கு விடிய விடியக் கண்விழிப்பதும் ஒரு வேளை மாத்திரையை விடுவதும்தான் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வலிப்பை மறுபடி இழுத்துவருகின்றன. டாக்டர் சரி என்று சொல்லும்வரை பைக், கிணற்று நீச்சல் இரண்டும் வேண்டாம். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் இருக்கட்டும்.

அப்பத்தாவோடு சண்டை போடாதீர்கள். பேரன் மேல் இருக்கிற பாசத்தில் போட்ட காப்பு, அது கையிலேயே கிடக்கட்டும், மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது. வீட்டில் மறுபடி வலிப்பு வந்தால் அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். "அப்பத்தா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரு, ஐந்து நிமிடம் ஆனால் சத்தம் போடு" என்று சொல்லிவையுங்கள்.