ஆர்செனல் காயமும் டிரான்ஸ்ஃபரும்: கேள்விய போடுங்க, பிசியோ அண்ணன் பதில் சொல்றேன் (ஜூன் 2025)

வணக்கம் மக்களே. போன வாரம் கோலாலம்பூர் செந்தூல்ல மாமாக் சாப்பாட்டுக் கடைல ஆர்செனல் யார விக்கணும் யார வாங்கணும்னு விடிய விடிய சண்டை போட்டோம்ல, அதுல பாதி சண்டை காயத்த பத்தி சரியா புரியாம வந்த சண்டைன்னு எனக்கு தோணிச்சு. அதான் இன்னிக்கு லீவு நாள்ல ஒக்காந்துட்டேன். பதினெட்டு வருஷமா பிசியோதெரபிஸ்ட், முட்டியும் தொடையும்தான் என் பொழப்பு, லண்டன் ஃபுட்பால் கிளப் ஆர்செனல பாக்க ஆரம்பிச்சது 1998-ல லீக்கும் எஃப்ஏ கப்பும் சேத்து அடிச்ச வருஷம். கேளுங்க.

செந்தூல் தம்பி: அண்ணே ஜனவரில ஒரு ஸ்டிரைக்கர் வாங்கிருந்தா லீக் நம்மளோடது. ஏன் வாங்கல?

தம்பி, தேதிய வரிசையா வச்சு பாரு. 2024 டிசம்பர் 21, கிரிஸ்டல் பேலஸ் மேட்ச்ல சாக்காவுக்கு ஹாம்ஸ்டிரிங், அதாவது தொடைக்கு பின்பக்க சதை, கிழிஞ்சிருச்சு. ஜனவரி 12, எஃப்ஏ கப்ல மான்செஸ்டர் யுனைடெட் கூட ஆடறப்ப ஜேசூஸுக்கு இடது முட்டில ஏசிஎல், அதாவது முட்டிய நழுவாம புடிச்சிருக்குற லிகமென்ட், போச்சு. பிப்ரவரி 3 ஆள வாங்கி விக்கிற விண்டோ மூடியாச்சு. ரெண்டே நாள்ல நியூகாசில்ல மார்ட்டினெலி தொடைய புடிச்சிக்கிட்டு வெளிய வர்றான், அடுத்த வாரம் துபாய் கேம்ப்ல ஹாவெர்ட்ஸ் ஒரு ஷாட்ட தடுக்க போய் அவருக்கும் ஹாம்ஸ்டிரிங் கிழிஞ்சிருச்சு. முன்னாடி ஆடற நாலு பேரு, அதுல ரெண்டு பேரு விண்டோ மூடுனதுக்கு அப்புறம் போனவங்க.

அதுக்காக கிளப்பு மேல தப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன். சாக்காவும் ஜேசூஸும் போனப்பவே மிச்ச ரெண்டு பேர் மேல சொமை ஏறும்னு எங்கள மாதிரி ஆளுங்களுக்கே தெரியும், சொமை ஏறுனா தொடை போகும், இது ஜோசியம் இல்ல. ஆஸ்டன் வில்லா ஸ்டிரைக்கர் வாட்கின்ஸ கேட்டாங்க, அந்த கிளப்பு முடியாதுன்னுட்டாங்க, அதோட நின்னுட்டாங்க. லோன்லயாவது ஒருத்தன கூட்டிட்டு வந்திருக்கணும். பிப்ரவரி 15 லெஸ்டர் மேட்ச் ஞாபகம் இருக்கா, நமக்கு சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி, மிட்ஃபீல்டர் மெரினோவ முன்னாடி ஏத்திவிட்டு அவர் கடைசி பத்து நிமிஷத்துல ரெண்டு கோல் போட்டாரு. கடையே எந்திரிச்சு கத்துச்சு, நானும் கத்துனேன். ஆனா அந்த கோல சீசன் முழுக்க எதிர்பாக்க முடியாதுல்ல. 2023-24ல 91 கோல் போட்ட டீம் 2024-25ல 69தான் போட்டுச்சு, 14 மேட்ச் டிரா. 89 பாயிண்ட் 74 ஆனதுக்கு கணக்கு அங்கதான் இருக்கு.

ஈப்போ லிவர்பூல்காரன்: காயம் காயம்னு சாக்கு சொல்றீங்க பிரதர். எங்களுக்கு காயமே வராதா?

நல்லா வந்துச்சே பிரதர், நீங்களே மறந்துட்டீங்க. 2020 அக்டோபர் 17 எவர்ட்டன் மேட்ச்ல வான் டைக்குக்கு ஏசிஎல், அடுத்த மாசம் கோமஸுக்கு முட்டி தசைநார், ஜனவரில மாட்டிப்புக்கு கணுக்கால். முந்தின வருஷம் சாம்பியன், அந்த வருஷம் மூணாவது எடம், அதுக்கே மே மாசம் வெஸ்ட் புரோம் மேட்ச்ல கோல்கீப்பர் அலிசன் கடைசி நிமிஷம் மேல வந்து தலையால கோல் போட வேண்டியிருந்துச்சு. நான் அன்னிக்கு லிவர்பூல் ரசிகங்ககிட்ட இத சாக்குன்னு சொல்லல, இன்னிக்கும் சொல்ல மாட்டேன். நான் சொல்றது ஒண்ணுதான், பேப்பர்ல இருக்குற பதினோரு பேரு லீக் ஜெயிக்க மாட்டாங்க, மே மாசம் கால்ல நிக்கிற பதினோரு பேருதான் ஜெயிப்பாங்க. 2023-ல நம்ம கதையும் அதேதான். மார்ச் 16 போர்ச்சுகல் கிளப் ஸ்போர்ட்டிங் கூட மேட்ச்ல சாலிபாவுக்கு முதுகு, அதே மேட்ச்ல டோமியாசுக்கு முட்டி. 248 நாள் முதல் எடத்துல இருந்தோம். ஏப்ரல்ல லிவர்பூல், வெஸ்ட் ஹாம், சவுத்தாம்ப்டன் வரிசையா மூணு டிரா, அப்புறம் மான்செஸ்டர் சிட்டிகிட்ட 4-1னு தோத்தோம். ஒரு டிஃபெண்டரோட முதுகு போனதுக்கு நாம குடுத்த வெல அது.

பட்டர்வொர்த் அக்கா: தம்பி, என் மகன் சாக்கா பைத்தியம். ஆபரேஷன் செஞ்ச காலு, திரும்பவும் அதே எடம் போகுமா?

அக்கா, மகன பயப்பட வேணாம்னு சொல்லுங்க, ஆனா சாக்காவ எல்லா மேட்ச்சும் தொண்ணூறு நிமிஷம் ஆட வைக்கணும்னு அடம் புடிக்க வேணாம்னும் சொல்லுங்க.

ஹாம்ஸ்டிரிங்னா தொடைக்கு பின்னாடி மூணு சதை. ஓடறப்ப கால முன்னாடி வீசுறோம்ல, கால் தரையில படறதுக்கு சத்த முந்தி அந்த சதை நீண்டுக்கிட்டே பிரேக்கும் போடுது, அந்த நேரத்துலதான் கிழியும். வெறும் சதை மட்டும் கிழிஞ்சா மூணு நாலு வாரம். உள்ள ஓடற தசைநார் வரைக்கும் போனா மாசக்கணக்கு, சில பேருக்கு ஆபரேஷன். சாக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு, ஏப்ரல் 1 ஃபுல்ஹாம் மேட்ச்ல திரும்பி வர்றதுக்கு 101 நாள் ஆச்சு, வந்த கொஞ்ச நேரத்துலயே கோலும் போட்டான்.

இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, போன வருஷம் என்கிட்ட ஒரு பையன் வந்தான், பத்தொம்பது வயசு, லீக் ஆடறவன். குப்புற படுக்க வச்சு கட்டைவிரலால தொடை மேலேர்ந்து அழுத்திக்கிட்டே வரேன், நடுவுல ஒரு எடத்துல வெரல் லேசா உள்ள எறங்குது, சின்ன பள்ளம் மாதிரி, அவன் பல்ல கடிச்சுக்கிட்டு அங்கதாண்ணே அங்கதாண்ணேங்கிறான். ஆறு வாரம்னு சொன்னேன். மூணாவது வாரம் வலி போயிருச்சு, மேட்ச் இருக்குன்னு எறங்கிட்டான், முதல் பாதி முடியறதுக்குள்ள அதே எடம், இந்த தடவ பள்ளம் ரெண்டு வெரல் அகலம். வலி போறது வேற அக்கா, பலம் திரும்புறது வேற. ஐரோப்பா பெரிய கிளப்புங்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து எடுத்த ஆய்வுல, மொத்த காயத்துல ஹாம்ஸ்டிரிங் பங்கு 2001-02ல 12 சதவீதம், இருபது வருஷத்துல 24 சதவீதம். ஓட்டம் வேகமாயிருச்சு, மேட்ச் கூடிருச்சு, ஓய்வு மட்டும் கூடல. சாக்காவுக்கு இன்னும் 23 வயசுதான், அவன் ஆடற எடத்துக்கு உண்மையான ஒரு மாத்து ஆள் வேணும். நுவானேரிய சொல்லுவாங்க, அருமையான பையன், ஆனா அவனுக்கே 18 வயசு, அவன் தொடையையும் நாம பாத்துக்கணும்.

கிள்ளான் தம்பி: எந்த ஸ்டிரைக்கர வாங்கணும், க்யோகெரெஷா சேஷ்கோவா? ஒரே பதில் சொல்லுங்கண்ணே, மழுப்பாதீங்க.

க்யோகெரெஷ்.

காரணம் சொல்றேன். 2024-25ல ஸ்போர்ட்டிங்குக்கு 52 மேட்ச்ல 54 கோல், அதுல லீக்ல மட்டும் 39. கோல் கணக்க விட எனக்கு புடிச்சது அந்த 52. இவ்ளோ மேட்ச் ஓடி முடிச்ச ஒடம்பு. கோவென்ட்ரில ஆடுனவன், இங்கிலாந்து டிஃபெண்டர் முதுகுல வந்து இடிக்கிறது அவனுக்கு புதுசு இல்ல. நவம்பர்ல மான்செஸ்டர் சிட்டிக்கே மூணு போட்டான். எதிர்ப்பக்கம் பேசறவங்க சொல்றதும் நியாயம்தான், போர்ச்சுகல் லீக் அவ்ளோ கஷ்டம் இல்ல, பெனால்ட்டி நெறைய, வயசு 27, திரும்ப விக்கிறப்ப காசு வராது. சேஷ்கோவுக்கு 22, ஒசரம் 1.95 மீட்டர், மூணு வருஷம் கழிச்சு பெரிய ஆளா வருவான். ஆனா நமக்கு மூணு வருஷம் கழிச்சு வேணாம் தம்பி, சாலிபா, ரைஸ், ஒடெகார்ட், சாக்கா எல்லாரும் ஒண்ணா உச்சத்துல இருக்குறது இப்ப. 2004-லேர்ந்து லீக் இல்லாம நிக்கிறோம்.

ரவாங் மாணவன்: கையில காசு இருக்கான்னே தெரியல, எப்படி அறுபது எழுபது மில்லியன் போடுவாங்க?

60 மில்லியனுக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம் போட்டா கணக்குல வருஷத்துக்கு 12 மில்லியன்தான் விழும். அதே நேரத்துல அகாடமில வளந்தவன வித்தா வர்ற காசு முழுக்க லாபம், அதனாலதான் 2024-ல ஸ்மித் ரோவும் எங்கேட்டியாவும் போனாங்க. எனக்கு ஸ்மித் ரோ போனது இன்னும் ஆறல, ஆனா கணக்கு அப்படி. மூணு வருஷத்துக்கு நஷ்டம் 105 மில்லியன் பவுண்ட தாண்டக்கூடாதுங்கிறது 2025-ல இருக்குற பிரீமியர் லீக் சட்டம்.

சுபாங் தங்கச்சி: ஜேசூஸ வித்துடலாமா அண்ணா?

இப்ப முடியாதும்மா. ஏசிஎல் ஆன ஆள எந்த கிளப் டாக்டரும் பாஸ் பண்ண மாட்டாரு. ஜனவரில ஆனது, ஒம்பது மாசம்னு வச்சா அக்டோபர், மேட்ச் ஆடற தெம்பு வர்றதுக்கு வருஷக் கடைசி. ஒம்பது மாசத்துக்கு முன்ன அவசரப்பட்டு எறக்குனா திரும்ப கிழியற ஆபத்து நல்லாவே கூடும்னு ஆராய்ச்சிலயே இருக்கு. டிம்பர பாருங்க, 2023 ஆகஸ்ட் 12 முதல் லீக் மேட்ச்லயே ஏசிஎல் போச்சு, 2024 மே 19 கடைசி மேட்ச்லதான் திரும்ப எறங்குனான். கிளப் பொறுமையா இருந்துச்சு, அடுத்த சீசன் நம்ம ரைட் பேக் எடமே அவனோடதாச்சு. ஜேசூஸுக்கும் அந்த மரியாதைய குடுக்கணும், 2022-ல அவரு வந்தப்பதான் நம்ம டீமுக்கு முன்னாடி ஓடி அழுத்தற பழக்கமே வந்துச்சு.

பிரிக்ஃபீல்ட்ஸ் அங்கள்: தம்பி, இப்ப உள்ள பசங்களுக்கு காயத்துல தவிச்ச நம்ம பழைய ஆளுங்க தியாபி, ரோசிக்கி, கசோர்லா கதையெல்லாம் தெரியுமா? நம்ம கிளப்புக்கு மட்டும் ஏன் இந்த சாபம்?

அங்கள், தியாபிக்கு 2006 மே 1 சண்டர்லாந்து மேட்ச்ல கணுக்கால், எடுவார்டோவுக்கு 2008 பிப்ரவரி பர்மிங்ஹாம்ல, ராம்சிக்கு 2010 பிப்ரவரி ஸ்டோக்ல. மூணும் அடுத்தவன் கால் வந்து ஒடச்சது, அத சாபம்னா சொல்லிக்கலாம். கசோர்லா கதை வேற. 2016 அக்டோபர்ல லுடோகோரெட்ஸ் மேட்ச்தான் நமக்கு கடைசி. அப்புறம் குதிகால்ல ஆபரேஷன் மேல ஆபரேஷன், கிருமி புகுந்து குதிநாண்ல ஒரு பகுதியவே தின்னுருச்சு, காலையே எடுக்க வேண்டி வரலாம்ங்கிற நெலமை. கையில மக பேரு பச்ச குத்திருந்தாரு, அந்த தோல வெட்டி எடுத்து கணுக்கால்ல ஒட்டுனாங்க, மக பேருல பாதி கையில பாதி கால்ல. தோட்டத்துல மகன் கூட நடந்தா போதும்னு டாக்டர் சொன்ன ஆளு, 2018-ல வியாரியல்ல திரும்ப எறங்கி அடுத்த வருஷம் ஸ்பெயின் தேசிய டீமுக்கே போனாரு. என்கிட்ட வர்றவங்க இனிமே முடியாதுன்னு அழறப்ப அந்த கணுக்கால் ஃபோட்டோவ போன்ல எடுத்து காட்டுவேன். மூணு பேருக்கு காட்டிருக்கேன், மூணு பேரும் இப்ப ஓடறாங்க.

பூச்சோங் தம்பி: ஜூலைல ஆர்செனல் மேட்ச் பாக்க சிங்கப்பூர் போறோம்ணே, பஸ் புக் பண்ணியாச்சு. சாக்கா, ரைஸ் எல்லாம் ஆடுவாங்களா?

ஜூலை 23 மிலான், 27 நியூகாசில். பெரிய ஆளுங்க ஆளுக்கு அரை மணி, முக்கா மணி நேரம் ஆடுனா சந்தோஷப்படு, அத ஏமாத்தறாங்கன்னு நெனைக்காத, சீசனுக்கு முந்தி ஓட்டத்த கொஞ்சம் கொஞ்சமாதான் ஏத்தணும். 2011-லயும் 2012-லயும் ஆர்செனல் நம்ம புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துக்கு வந்தப்ப நான் ரெண்டுக்கும் போனேன், வார்ம் அப்ப பாக்கவே சீக்கிரம் உள்ள போய்ட்டேன். நீயும் சீக்கிரம் போ.

அம்பாங் பையன்: விண்டோ எப்ப மூடுது?

செப்டம்பர் 1 இங்கிலாந்து நேரம் சாயந்திரம் ஏழு, நமக்கு செவ்வாய் விடியக்காலை ரெண்டு மணி. மெர்டேக்கா, நம்ம சுதந்திர நாள், இந்த வருஷம் ஞாயித்துக்கிழமை விழறதால திங்கள் லீவு, மத்தியானம் தூங்கி வச்சுக்கோ.

கெப்போங் புட்சால் பையன்: அண்ணே ஆர்செனல் கேள்வி இல்ல. புதன்கிழமை புட்சால்ல திரும்பறப்ப முட்டில டப்புனு சத்தம். யாரும் இடிக்கல. ஒரு மணி நேரத்துல வீங்கிருச்சு. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இப்ப நடக்குறேன், படி எறங்குனா முட்டி நழுவுது. சனிக்கிழமை ஃபைனல், ஆடலாமா?

ஆடாத.

எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், ஏசிஎல் தெரியாது. தானா திரும்பறப்ப சத்தம், ரெண்டு மணி நேரத்துக்குள்ள வீக்கம், படியில நழுவல், நீ சொன்ன மூணும் ஏசிஎல்லுக்கு பொருந்துது. நேர்ல பாக்காம முடிவா சொல்ல மாட்டேன், ஆனா இந்த மூணும் இருக்குற எந்த பையனையும் நான் பாடாங்ல, அதாவது திடல்ல, எறங்க விட மாட்டேன். எனக்கே 2009-ல இதே மாதிரி ஆச்சு, ஒருத்தர் சுளுக்குன்னு சொல்லி எண்ணெய் தேச்சு உருவி விட்டாரு, நானும் நம்பி ரெண்டு வாரத்துல எறங்குனேன், நழுவுன முட்டி உள்ள இருந்த சவ்வையும் சேத்து கிழிச்சிருச்சு, ஒம்பது மாசத்துல முடிய வேண்டிய கஷ்டம் ஒண்ணரை வருஷம் இழுத்துச்சு.

இப்ப ஐஸ் வை, கால தலகாணி மேல ஒசத்தி வை, உருவ விடாத. டாக்டர்கிட்ட எலும்பு கேள்விய விட்டு லிகமென்ட் பாக்கணும்னு நேராவே கேளு, எம்ஆர்ஐக்கு லெட்டர் வாங்கு. காசு இடிச்சா கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயே எழுதி தருவாங்க, தேதிதான் தள்ளிப்போகும், அதுவரைக்கும் செய்ய வேண்டிய தொடை பயிற்சிய நான் சொல்லி தரேன், அதுக்கு காசு வேணாம். சனிக்கிழமை டீமுக்கு தண்ணி எடுத்துட்டு போ, லைன் ஓரமா நின்னு கத்து. திங்கக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல கிளினிக்குக்கு வா, அரைக்கால் சட்டை போட்டுட்டு வா, ரெண்டு முட்டியையும் பக்கத்துல வச்சு பாக்கணும்.