ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் நாலு சென்சாரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் கொல்லிமலைப் பக்கம் சேற்றுப் பாதையில் போய் வந்தேன். மறுநாளிலிருந்து ஏபிஎஸ் விளக்கும் டிராக்‌ஷன் விளக்கும் எரிகின்றன. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதுதான் பெரும்பாலும் வருகிறது. நாலு சக்கரத்து ஸ்பீடு சென்சாரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நாலும் சேர்ந்தாற்போல் கெட்டுப்போவது அபூர்வம். ஒரே ஒரு சக்கரத்தின் வேகம் சரியாக வராவிட்டாலும் கம்ப்யூட்டர், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடும். சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஈரச் சாலையில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சரிசெய்யும்வரை நிதானமாக ஓட்டுங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

முதல் வேலை, எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிப்பது. மலிவான ஸ்கேனர்கள் பல இன்ஜினை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ்ஸையும் படிக்கும் கருவி வேண்டும். நேர்ச்சாலையில் 20 கி.மீ. வேகத்தில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் நாலு சக்கர வேகத்தையும் திரையில் பார்க்கட்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தாலோ தாவினாலோ அதுதான் ஆள்.

திரும்பும்போது வருகிறது என்றீர்களே, என் சந்தேகம் முன்சக்கர வயர் மேல்தான். ஸ்டியரிங்கோடும் சஸ்பென்ஷனோடும் ஓயாமல் மடங்குகிற வயர் அது. இப்படித்தான் ஒரு வண்டிக்கு நானே புது சென்சார் வாங்கிப் போட்டு ஏமாந்தேன். கடைசியில் பார்த்தால் மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. கையால் வளைத்தபோது ஓரிடத்தில் மட்டும் தொளதொளவென்று மடங்கியது. வயரை விரலால் தடவிக்கொண்டே போனால் அந்த இடம் பிடிபடும். கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். பச்சைப் பூஞ்சை மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அடுத்தது சென்சார் முனை. உள்ளே காந்தம் இருந்தால் இரும்புத்தூள் மீசைபோல ஒட்டியிருக்கும். துணியால் துடைத்தாலே போதும். உப்புத்தாளை முனையில் போடாதீர்கள், சென்சார் உட்காரும் துளைக்குப் போடுங்கள். அங்கே துரு படிந்தால் சென்சார் மேலே தள்ளப்பட்டு இடைவெளி கூடிவிடும்; பொதுவாக அது ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அப்புறம், எதிரே சுழலும் பல் வளையத்தில் சேறோ சிறு கல்லோ அடைத்திருக்கிறதா, விரிசல் உண்டா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சில வண்டிகளில் பல் வளையமே இருக்காது. பேரிங் சீலில் காந்த வளையம் இருக்கும். பேரிங்கை மாற்றுபவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டுவிட்டால் சிக்னலே வராது.

விளக்கு எரியாமல், வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் மட்டும் பெடல் கடகடவென்று உதறினாலும் இந்த இடைவெளியையும் வளையத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டரை எடுக்குமுன் உங்கள் சென்சார் பழைய சுருள் வகையா, மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் புதிய ஹால் வகையா என்று சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். இரண்டிலும் இரண்டு வயர்தான், பார்த்துப் பிரிக்க முடியாது. பழைய சுருள் வகை என்றால் ஓம் (மின்தடை) அளக்கலாம். பெரும்பாலும் ஆயிரம் ஓம் சொச்சம் காட்டும், அடுத்த பக்கத்துச் சக்கரத்தோடு ஒப்பிடுங்கள். புதிய ஹால் வகையில் ஓம் மீட்டரை வைக்கவே கூடாது. சாவியைப் போட்டு, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் வோல்டேஜ் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனிமேல் சேற்றில் இறங்கி வந்தால், காய்வதற்குள் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பின் உள்பக்கத்தைக் கழுவிவிடுங்கள். பிரஷர் கன்னைக் கனெக்டருக்கு நேரே பிடிக்க வேண்டாம். வயரின் கிளிப் ஒன்று போயிருந்தாலும் அன்றைக்கே புதிதாக மாட்டுங்கள்.