ரீச்சரிட்டைக் கேளுங்கோ

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்கு ஆடி, ஆவணியில்தான் பள்ளி விடுமுறை. வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டி, இந்திரவிழா, வல்லிபுரக் கடல் தீர்த்தம் எல்லாவற்றையும் ஆவணியில் ஒரே வாரத்தில் வைத்தால் வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் பார்க்கலாமே? இதை ஏன் ஒருவரும் யோசிப்பதில்லை?
(வாசகி, ஸ்காபரோ)

தங்கச்சி, பிள்ளையளுக்கு எல்லாத்தையும் காட்டவேணும் எண்ட உங்கட ஆசை எனக்கு நல்லா விளங்குது. ஆனால் இது மூண்டையும் ஆவணிக்குக் கொண்டுவர ஏலாது. ஏன் எண்டு சொல்லுறன்.

முதல்ல பட்டம். வல்வெட்டித்துறை வடக்குப் பார்த்த கரை. தைப்பொங்கல் நேரம் அடிக்கிறது வாடை. அது வடகிழக்கால, கடலில இருந்து ஊருக்குள்ள வாற காத்து. உதயசூரியன் கடற்கரையில நிண்டு ஏத்தினால் பட்டம் கூரையளுக்கும் தென்னையளுக்கும் மேலால ஊர்ப்பக்கம் ஏறும். கயிறு அறுந்தாலும் ஆற்றையோ வளவுக்குள்ளதான் விழும், பொடியள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வருவினம். ஆவணியில சோளகம். அது தரையில இருந்து கடலுக்கு அடிக்கும். கிழமைக்கணக்கா இருந்து கட்டின பட்டம் அறுந்தால் நேர கடலுக்கைதான். அதோட, வாடைக்கு எங்கட வடகடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையில கிடக்கிற நாள் கூட. அந்த நாளுகளிலதான் வீட்டு விறாந்தையில மூங்கில் பிளந்து, சீவி, நிறுத்துப் பார்த்து, ரிசு ஒட்டி, பெரிய பெரிய பட்டங்கள் உருவாகுது. பட்டத்தை நூலோட பொருத்துற முச்சையைத் தகப்பன் கட்ட, மகன் நூல் பிடிக்கிற வேலை அது. ஆவணியில ஆர் வீட்டில இருப்பினம்?

இந்திரவிழா முத்துமாரி அம்மன்ர சித்திரா பௌர்ணமித் தீர்த்தத்தோட வாறது. ஊர் முழுக்க மின்விளக்கு, வீதி வீதியா அலங்காரம், மேடை மேடையாக் கலை நிகழ்ச்சி. அண்டைக்கு விடுற புகைக்குண்டை நீங்கள் சின்னனில பார்த்திருப்பீங்கள். கடதாசியால ஒட்டின அவ்வளவு பெரிய கூட்டுக்குள்ள சூட்டுப் புகையை நிரப்பி மேல விடுறது. வாடை ஓய்ஞ்சு சோளகம் இன்னும் சரியாப் பிடிக்காத இடைக்காலம் சித்திரை. அதால புகைக்குண்டு சரியாமல் நிமிர்ந்து ஏறும். பலத்த காத்தில அதை நிரப்பவே ஏலாது, கடதாசி பத்திப்போடும். வல்லிபுர ஆழ்வாருக்குப் புரட்டாசிப் பௌர்ணமி. சக்கரத்தாழ்வார் மணல் திட்டி தாண்டிக் கடலுக்கு எழுந்தருளுறது அந்த ஒரு நாளில மட்டுந்தான். அதை மாத்தச் சொல்லி ஆரும் ஆரையும் கேக்கேலாது.

எங்கட கரையில விழாவுக்கு நாள் குறிக்கிறது காத்தும் நிலவும் கடலும். அதைக் கழட்டிப்போட்டு ஒரு கிழமைக்குள்ள அடுக்கினால் மிஞ்சுறது கண்காட்சி. என்ர மனசுக்கு அது பெரிய இழப்பு.

ஆவணியில வந்தாலும் வெறுங்கையோட போகமாட்டீங்கள். ஆடி அமாவாசை கழிஞ்சு ஆறாம் நாள் நல்லூரில கொடி ஏறும், 25 நாள் திருவிழா. அது முடிய தொண்டைமானாத்தில சந்நிதி முருகன்ர திருவிழா தொடங்கும். அங்க ஆத்தங்கரை மடங்களில பிள்ளையளை நிலத்தில இருத்தி அன்னதானச் சோறு சாப்பிடப் பண்ணுங்கோ. ஆனால் ஒரு வருசமாவது, பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தில ஒரு கிழமை லீவு கேட்டு, தைக்கு வாருங்கோ. பார்த்துக்கொண்டு நிக்க மட்டும் விடாதேங்கோ. கயிறு பிடிக்கக் குடுங்கோ.

கேள்வி: ரீச்சர், நான் ஒன்பதாம் வகுப்பு. கொக்குப்பட்டம் கட்டி, காற்றில் கூவுகிற நார் வில்லான விண்ணைப் பூட்டினேன். பட்டம் ஏறுது, விண் கூவுதில்லை.
(மாணவன், கொக்குவில்)

அப்பன், பட்டம் ஏறுதெண்டால் உன்ர முச்சை சரி. பிழை விண்ணில. நார் முறுகாமல், தட்டையா, இறுக்கமா நிக்குதோ பார். முந்திப் பனைநாரைச் சீவிக் கட்டினது, இப்ப பார்சல் கட்டுற நாடாவைப் பிளந்து கட்டினம். எதெண்டாலும் தடிப்பு ஒரு சீரா இருக்கவேணும். வில்லு சோர்ந்துபோனால் நாரும் சோர்ந்துபோம், அப்ப வில்லை மாத்து. பட்டத்தில பூட்ட முதல் விண்ணைக் கையில பிடிச்சுக் காத்துக்கு எதிரா வீசிப் பார். கையில கூவாதது மேலயும் கூவாது.

இன்னொண்டு, இதை நீ கட்டாயம் கேக்கவேணும். 2021 மார்கழியில பருத்தித்துறைப் பக்கம் ஒரு இளைஞன் பட்டக்கயித்தோட மேல இழுபட்டுப் போன காணொளியை நீயும் பார்த்திருப்பாய். அவன் உயிர் தப்பினது பெரிய புண்ணியம். கயித்தை இடுப்பிலயோ கையிலயோ சுத்தாதை. பெரிய பட்டத்தை மரத்திலயோ கட்டையிலயோ கட்டித்தான் விடவேணும். றோட்டுக்குக் குறுக்கால நூல் போக விடாதை, மோட்டச்சைக்கிளில வாறவையின்ர கழுத்தை அது அறுக்கும். கரண்ட் கம்பியில சிக்கினால் பட்டத்தை அப்பிடியே விட்டிட்டு வா.

கேள்வி: ஊர்ச் சங்க ஒன்றுகூடலுக்கு ஒடியல் கூழ் காய்ச்சினோம். கசந்துவிட்டது. பலர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள்.
(வாசகர், வெள்ளவத்தை)

மாவை ஊறப்போடேல்லைப் போல. ஒடியல் எண்டது பச்சைப் பனங்கிழங்கைக் காயவைச்சது, கசப்பு அதின்ர குணம். மாவைத் தண்ணியில கரைச்சு, அடைய விட்டு, மேல்தண்ணியை ஊத்திப்போடுங்கோ. திரும்பத் திரும்ப அப்பிடிச் செய்து, தண்ணியை நாக்கில வைச்சுப் பாருங்கோ. கசப்புப் போகுமட்டும் விடக்கூடாது.

அடுப்பில முதல் வேகவேண்டியது ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயத்தங்காய். மரவள்ளி போட்டால் இஞ்சி கிட்டவும் வரக்கூடாது, எங்கட ஆக்கள் அதைச் சேர்க்கவே மாட்டினம். பிறகு மீன்தலை, நண்டு, இறால். செத்தல் மிளகாய், மஞ்சள், உள்ளி, மிளகு அரைச்ச கூட்டு, பழப்புளி. எல்லாம் அவிஞ்ச பிறகுதான் கரைச்ச மா. அதை ஊத்தினதில இருந்து துழாவுறதை நிப்பாட்டக் கூடாது, அடிப்பிடிச்சால் அந்தப் பானை முழுக்க மணக்கும். முருங்கையிலை கடைசியில.

மீனில மட்டும் சிக்கனம் பார்க்காதேங்கோ. கடைத்தெருவில மிஞ்சின மீனைப் போட்டு எந்த மாவைத் துழாவினாலும் கூழ் எழும்பாது. பிளாஸ்ரிக் கப்பும் வேண்டாம். கொழும்பிலயும் பனையோலை எடுப்பிக்கலாம், பிளா கோலிக் குடுங்கோ. சூட்டோட ஓலை வாசம் ஏறினால்தான் அது கூழ்.

கேள்வி: இப்போது விழா மேடை என்றாலே சினிமாப் பாட்டுக் குழுதான். கூத்து எங்கே பார்க்கலாம்?
(வாசகர், மானிப்பாய்)

குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் விசாரியுங்கோ. கத்தோலிக்கக் கரையூர்களில தென்மோடி எண்ட பாணிக் கூத்து பாட்டன், தகப்பன், மகன் எண்டு வருது. பெருநாளையொட்டி மேடையேத்துவினம். 1965 இல மரியசேவியர் அடிகளார் தொடங்கின திருமறைக் கலாமன்றம் தவக்காலத்தில போடுற, யேசுவின்ர திருப்பாடுகளின் காட்சியையும் தவறவிடாதேங்கோ. இந்துக் கிராமங்களில எண்டால் காத்தவராயன் கூத்து, நேர்த்திக்கு ஆடுறது, விடிய விடியப் போகும். பாயும் போர்வையும் கொண்டு போங்கோ, இடையில எழும்பி வராதேங்கோ. மேடைக்குப் பின்னால மாதக்கணக்காப் பழக்கின அண்ணாவியார் ஒருத்தர் நிக்கிறார், அவருக்குச் செய்யிற மரியாதை அது.

கேள்வி: எண்பது வயது அம்மாவை வல்லிபுரக் கடல் தீர்த்தத்துக்குக் கூட்டிப்போகலாமா?
(வாசகி, சுன்னாகம்)

கூட்டிப்போங்கோ, பிள்ளை. கோயிலடி மட்டும் வாகனத்தில போகலாம். அங்க இருந்து கடலுக்குப் போறது மணல்வழி. கால் புதையும், சனம் நெருக்கும், பின்னேர வெய்யிலும் அடிக்கும். அம்மாவுக்கு முழங்கால் நோ இருந்தால் மணலுக்குள்ள இறக்காதேங்கோ. கோயில் மண்டபத்தில நிழலாப் பார்த்து இருத்தி, பக்கத்தில ஒராளை விட்டிட்டு, நீங்கள் போய்த் தீர்த்தமாடி, ஒரு போத்தலில கடல்தண்ணி எடுத்துவந்து அவவின்ர தலையில தெளியுங்கோ. குடிக்கத் தண்ணி, பனங்கட்டி, அவ போடுற மருந்து எல்லாத்தையும் மறக்காமல் கொண்டு போங்கோ.