1978-ல் நாகர்கோவிலில் இருந்து அமெரிக்காவுக்குத் தத்துப் போன அக்காவுக்கு இன்னும் குடியுரிமை இல்லையாம். இங்கிருந்து நாங்கள் என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் இருப்பது மார்த்தாண்டத்தில். பெரியம்மா வழி அக்கா ஒருவர், 1978-ல் பிறந்தவர், கைக்குழந்தையாக இருக்கும்போதே நாகர்கோவிலில் ஒரு குழந்தைகள் இல்லத்தின் மூலம் அமெரிக்கத் தம்பதியிடம் போனார். இப்போது அங்கே பாஸ்போர்ட் கேட்டால், குடியுரிமைக்கு ஆதாரம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். இது எப்படி நடந்தது, நாடு கடத்திவிடுவார்களா, பிறப்புச் சான்றிதழ் எடுத்து அனுப்பட்டுமா, அடுத்த மாதக் கல்யாணத்துக்கு அவர் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்யாணத்துக்கு இப்போது வர வேண்டாம். கையில் செல்லுபடியாகும் கிரீன் கார்டு இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியேறினால், திரும்பிப் போக விமானத்திலேயே ஏற்றாமல் விடலாம். அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் கிடையாது, 1978-ல் எடுத்த இந்தியப் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறதோ. வந்தால் இங்கேயே சிக்கிக்கொள்வார்.

இது எப்படி நடந்தது என்றால், அமெரிக்காவில் தத்து ஆணை தருவது மாநில நீதிமன்றம், குடியுரிமை தருவது மத்திய அரசு. ஒன்று கிடைத்ததால் மற்றது தானாக வராது. பழைய சட்டப்படி, பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள் வளர்ப்புப் பெற்றோர் தனியாக விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்க வேண்டும். கோர்ட்டு ஆணை வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்த பெற்றோர் ஏராளம். பள்ளிக்கூடம், சோஷியல் செக்யூரிட்டி எண், லைசன்ஸ் எல்லாம் தடையில்லாமல் கிடைத்துவிட்டதால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. பாஸ்போர்ட்டுக்கோ ஓய்வூதியத்துக்கோ போய் நிற்கும்போதுதான் தெரியவரும். 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானப் பயணத்துக்கு 'ரியல் ஐடி' (கூடுதல் ஆதாரம் பார்த்துத் தரும் அடையாள அட்டை) விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு இப்படித் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் என்று 2000-ல் ஒன்று வந்தது. 2001 பிப்ரவரி 27 முதல் அமல். பெற்றோரில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருந்து, பிள்ளை 18 வயதுக்குள் நிரந்தர வாசியாக அவரிடம் அமெரிக்காவில் வளர்ந்தால், குடியுரிமை தானாக வந்துவிடும். ஆனால் அந்தத் தேதியில் 18 நிறையாதவர்களுக்கு மட்டும். அதாவது 1983 பிப்ரவரி 28 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். உங்கள் அக்கா ஐந்து வருஷ வித்தியாசத்தில் வெளியே நிற்கிறார். இந்த ஓட்டையை அடைக்கும் மசோதா 2015-ல் இருந்து திரும்பத் திரும்பத் தாக்கல் ஆகிறது. 2022 பிப்ரவரியில் ஒரு பெரிய மசோதாவின் பகுதியாகக் கீழவையில் நிறைவேறியும், கடைசி வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அது சட்டமாகும் என்று நம்பிக் காத்திருப்பது வீண்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 'தத்துப் பிள்ளைக்குக் குடியுரிமைச் சான்றிதழ்' என்று தேடினால் என்-600 என்ற படிவம்தான் முதலில் வரும். அது ஏற்கெனவே சட்டப்படி குடிமகனாகிவிட்டவருக்கு அதற்கான சான்று தருவது. 1983-க்கு முன் பிறந்தவர் அதைப் போட்டால் பெரும்பாலும் நிராகரிப்புதான், 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி தாளில் 1,385 டாலர், ஆன்லைனில் 1,335 டாலர் போய்விடும். விதிவிலக்கு உண்டு: வளர்ப்புப் பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டவராக இருந்து, அக்காவுக்கு 18 ஆகும் முன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால், பழைய சட்டப் பிரிவுகள் கைகொடுக்கலாம். அதை வக்கீல் பார்த்துச் சொல்லட்டும்.

அதனால் எந்தப் படிவத்தையும் நிரப்பும் முன் அக்கா செய்ய வேண்டியது ஒன்றுதான்: தன்னுடைய குடியேற்றக் கோப்பை வாங்குவது. அங்கே அதை 'ஏ-ஃபைல்' என்பார்கள். அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் யுஎஸ்சிஐஎஸ் என்ற அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றத் துறையின் தளத்திலேயே கேட்கலாம். அவர் எந்த விசாவில் நுழைந்தார், நிரந்தர வாசியாகப் பதிவானாரா, பெற்றோர் எப்போதாவது குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

'கோப்பு கிடைக்கவில்லை' என்று பதில் வருவதற்கு முக்கியக் காரணம் பெயர். கோப்பு திறந்தது இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரில். உதாரணத்துக்கு, கோர்ட்டு ஆணையில் 'செல்வி' என்று மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் 'பேபி செல்வி'. விசாவில் குடும்பப் பெயர் வேண்டுமே என்று 'பேபி'யையே குடும்பப் பெயராக்கியிருப்பார்கள். அக்கா இன்று வேறொரு ஆங்கிலப் பெயரில் இருப்பார். ஒரு பெயரை மட்டும் கொடுத்துத் தேடச் சொன்னால் கிடைக்காது. எல்லாப் பெயர்களும், எழுத்து மாறுபாடுகளும், அப்போது பதிவான பிறந்த தேதியும், வளர்ப்புப் பெற்றோர் பெயரும், இறங்கிய விமான நிலையமும், தோராயமான தேதியும் கொடுக்க வேண்டும்.

அந்தப் பழைய பெயரையும் தேதியையும் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் இங்கிருக்கும் நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி. பிறப்புச் சான்றிதழுக்கு இப்போதே அலைய வேண்டாம்.

அக்காலத்தில் வெளிநாட்டவருக்கு இந்தியாவில் தத்து ஆணை கிடையாது. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றம் அவர்களைக் காப்பாளராக நியமித்து, குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துப்போக அனுமதிக்கும். தத்து அங்கே போய்த்தான். அந்த ஆணையில் குழந்தையின் பெயர், வயது, காப்பாளர் பெயர் எல்லாம் இருக்கும். குழந்தை எங்கே வசித்ததோ அந்த இடத்து நீதிமன்றத்தில்தான் மனு போடுவார்கள். நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் இல்லையென்றால் ஏமாற வேண்டாம். குழந்தையைச் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ மாற்றி அங்கே மனு போட்டிருக்கலாம். இல்லத்தில் போய் நீங்கள் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், அது சரிதான்: தத்து விதிமுறைகளின்படி தத்துப் போனவரின் வேர்களை, அதாவது பெற்ற குடும்ப விவரங்களை, மூன்றாம் நபர் தேட அனுமதி இல்லை. அக்காவே தத்துக்கான மத்திய அரசு அமைப்பான காராவுக்கு எழுத வேண்டும். கோர்ட்டு நகலுக்கு அவர் பெயரில் இங்குள்ள வக்கீல் நகல் மனு போடலாம். அதற்காகப் பவர் பத்திரம் அனுப்பினால் அங்கே நோட்டரி, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) முடித்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் கட்டிவிடுங்கள்.

பெற்ற குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகள் பல 2014-ல் கோட்டாறு மறைமாவட்டத்தில் இருந்து பிரிந்து குழித்துறையோடு சேர்ந்தன. அதனால் பதிவேடு பங்குக் கோவிலில் இருந்தாலும், சான்றொப்பம் எந்த ஆயர் இல்லத்தில் என்பதைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கோப்பு வந்ததும் விசா வகையைப் பார்க்க வேண்டும். காப்பாளர் ஆணையோடு போன குழந்தைகள் பெரும்பாலும் ஐஆர்-4 விசாவில்தான் (அங்கே போய்த் தத்தெடுக்கப்படும் குழந்தைக்கான குடியேற்ற விசா) போனார்கள். அப்படியென்றால் அக்கா நுழைந்த நாளில் இருந்தே நிரந்தர வாசி. அட்டை தொலைந்தாலும் காலாவதியானாலும் அந்த நிலை தானாகப் போய்விடாது. அவர் யாரையும் நம்பி இருக்காமல் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் போட்டுத் தன் பெயரில் குடியுரிமை வாங்கலாம்: ஆன்லைனில் 710 டாலர், தாளில் 760 டாலர். குறைந்த வருமானம் என்றால் சலுகை உண்டு. ஐந்து வருஷ நிரந்தர வாசம், அதில் குறைந்தது 30 மாதம் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். பெயர் மாறிய கதையை நிரூபிக்க மட்டும் தத்து ஆணை தேவைப்படும்.

சுற்றுலா விசா, சிகிச்சை விசா என்று ஏதாவது ஒன்றில் கொண்டுபோயிருந்தால் கதை வேறு. நிரந்தர வாசியே ஆகவில்லை என்று அர்த்தம். அதை இணையப் பதிலைப் படித்துத் தீர்க்க முடியாது, வக்கீல்தான்.

என்-400 நேர்காணலில் அவர் பயப்பட வேண்டிய கேள்வி இரண்டு. எப்போதாவது ஓட்டுப் போட்டீர்களா? உங்களைக் குடிமகள் என்று எங்காவது சொன்னீர்களா? அவர் தெரியாமல் ஓட்டும் போட்டிருப்பார், வேலையில் சேரும்போது ஐ-9 படிவத்தில் 'குடிமகள்' என்று டிக்கும் அடித்திருப்பார். சாதாரணமாக இரண்டுமே நாடு கடத்தலுக்கான காரணங்கள். ஆனால் அதே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கென்றே ஒரு விலக்கு வைத்திருக்கிறது: பெற்றோர் இருவரும், வளர்ப்புப் பெற்றோராக இருந்தாலும், குடிமக்களாக இருந்து, 16 வயதுக்கு முன்பே அங்கே நிரந்தரமாகக் குடியிருந்து, தான் குடிமகள் என்று நியாயமாக நம்பியிருந்தால் அது குற்றமாகாது. பெற்றோரின் பிறப்புச் சான்று, பழைய பள்ளிச் சான்றுகள் கையோடு இருக்கட்டும். மறைக்கக் கூடாது. 'தெரிந்த' நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூட ஓட்டுப் போடக் கூடாது, குடிமகள் என்று எழுதவும் கூடாது. அதற்கப்புறம் 'நம்பினேன்' என்று சொல்ல முடியாது.

நாடு கடத்தல் பயம் முக்கியமாக யாருக்கு என்றால், குற்ற வழக்கில் தண்டனை உள்ளவர்களுக்கு. போதைப்பொருள் வழக்கு போதும். மும்பையில் இருந்து சிறுமியாகத் தத்துப் போன ஒரு பெண்ணை 2008-ல் இந்தியாவுக்கே அனுப்பினார்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவரை சட்டப்படி அவர்கள் இந்தியர்தானே, திருப்பி அனுப்ப வசதி. அக்கா பேரில் எவ்வளவு பழைய வழக்கு இருந்தாலும், குடியேற்ற வக்கீலைப் பார்க்காமல் என்-400 மட்டுமில்லை, கிரீன் கார்டு புதுப்பிக்கும் ஐ-90கூடப் போடக் கூடாது. கைரேகை வைத்த அன்றே பழைய வழக்கு மேலே வந்துவிடும்.

குடியுரிமை கிடைத்த பிறகு ஓசிஐ அட்டைக்கு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தருவது) பூர்வீக ஆதாரம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் அப்போதுதான் பயன்படும். பிறப்புப் பதிவே இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்ற சான்று முதலில் வாங்கி, தாமதப் பதிவு ஆணைக்கு நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மார்த்தாண்டம் பத்மநாபபுரம் கோட்டம்.

கடைசியாக, கேட்காத ஒன்று. அமெரிக்காவில் உள்ள சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ சொந்தத்தில் பிள்ளையைத் தத்துக் கொடுக்க, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் போட்டு, போட்டோ எடுத்து, பிறகு விசாவுக்கு எழுதும் பழக்கம் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. விசாவுக்கு அது செல்லாது. 2008 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவுக்கும் நாடு விட்டு நாடு தத்துக்கான ஹேக் ஒப்பந்தம் பொருந்தும்: முதலில் தத்தெடுப்பவரின் தகுதிக்கான ஐ-800ஏ படிவம், பிறகு பிள்ளைக்கான ஐ-800 படிவத்துக்குத் தற்காலிக ஒப்புதல், காராவின் தடையின்மைச் சான்று, அதன் பின்தான் தத்து. வரிசை தலைகீழானால் விசா நிற்கும், பிள்ளை இங்கே இருக்கும். கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் ஐ-800ஏ போடவே முடியாது. பத்திரத் தத்து இந்துத் தத்துச் சட்டத்தின் கீழ் வருவது, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அதுவும் பொருந்தாது. ஏற்கெனவே பத்திரம் போட்டுவிட்டீர்கள் என்றால் அதை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள்.