பதில்: தோஹாவில் என்ஓசி இல்லாமல் கம்பெனி மாறலாமா?

தம்பி, வேறு கம்பெனிக்குப் போக என்ஓசியும் (முதலாளி தரும் ‘ஆட்சேபனை இல்லை’ கடிதம்) கிடையாது, பாஸ்போர்ட்டும் கிடையாது என்று மேனேஜர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் மிரட்டல்தான். கத்தாரில் 2020-லேயே அந்த என்ஓசி முறையை எடுத்துவிட்டார்கள். சேர்ந்து 2 வருடத்துக்குள் என்றால் 1 மாத நோட்டீஸ், அதற்கு மேல் 2 மாதம். தொழிலாளர் அமைச்சகத்தின் இணையதளம் வழியாகக் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தால் 25,000 ரியால் வரை அபராதம் உண்டு. ஆனால் ‘ஓடிப்போய்விட்டான்’ என்று எதிர்ப்புகார் போடுகிற முதலாளிகளும் இருக்கிறார்கள், அதனால் நோட்டீஸ் முடியும்வரை ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போடாதீர்கள்.

அப்புறம், வீட்டில் சொல்ல வெட்கம் என்றீர்களே, அண்ணனிடமாவது சொல்லிவிடுங்கள். வளைகுடா என்றாலே பணம் கொட்டுகிறது என்று நம்புகிற ஊர் நம்முடையது. கடன் கேட்டு வருகிறவர்களை அவராவது சமாளிப்பார்.